கிராணி வம்சம்

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் அனைத்துலக உறவுகள் என்ற பாடத்தை நடத்தி வயிற்றைக் கழுவுகிறேன். நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, ஏன் கைகுலுக்குகின்றன, யாருக்கு யார் சொந்தம் என்பதெல்லாம் அதில் வரும். அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கன்ஸ்ட்ரக்டிவிசம் என்பார்கள். தமிழில் கட்டமைப்புவாதம் என்று ஒரு சொல்லைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் வீட்டுக்கு பிளான் போடுகிறவர் ஞாபகம்தான் வருகிறது. அது சொல்வது எளிமையான சங்கதி. நாடுகளுக்குப் பிறவிப் பகை கிடையாது, பிறவி நட்பும் கிடையாது. நாம் யார், அவன் யார் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அப்படியே நடந்தும் காட்டி, நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் இரண்டும்.

பிள்ளைகளுக்கு நான் பராங் கத்தியை வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கையில் பராங்கோடு வெளியே வருகிறார். உங்களுக்கும் அவருக்கும் பேச்சு இருந்தால், வாழை வெட்டப் போகிறார், நமக்கும் ஒரு சீப்பு வரும் என்று நினைப்பீர்கள். பேச்சு இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் போலிஸுக்குப் போன் போடுவீர்கள். கத்தி அதே கத்திதான். இதைச் சொன்னதும் போனுக்குள் தலையை விட்டிருக்கும் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து சிரிப்பார்கள்.

இந்தப் பாடத்தை நான் மனதார நம்பினேன். பகையைச் செய்வது மனிதர்கள்தான் என்றால், அதைக் கலைக்கவும் அவர்களால் முடியும் என்று எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. இப்போதும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஆறுதல் மட்டும் போய்விட்டது. அதைக் கொண்டுபோனவர்கள் என் சொந்தத் தோட்டத்து ஆட்கள். முன்னால் நின்று கொண்டுபோனவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

நான் இப்போது இருப்பது ஈப்போவை ஒட்டிய சிலிபினில். பிறந்தது லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், அதன் இரண்டு பிரிவுகளில் மேல் டிவிஷனில். தோட்டத்தை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பால் மரமும் இல்லை, பால் ஸ்டோரும் இல்லை, லயத்து வீடுகளை இடித்துத் தள்ளியாயிற்று. மேல் டிவிஷன் ஆட்களும் கீழ் டிவிஷன் ஆட்களும் இன்று ஒரே தாமான் குடியிருப்பில், ஒரே வரிசை வீடுகளில், சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி ஒரே ஷிப்டுக்குப் போவார்கள். அப்படியும் இவர்கள் இரண்டு சாதி ஜனம் மாதிரிதான் நடந்துகொண்டார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். டிவிஷனுக்கு ஒரு மாரியம்மன் கோயில். இரண்டு அம்மனும் உடன்பிறந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. ஆடித் திருவிழாவில் தங்கச்சி அம்மன் சீர்த்தட்டோடு எல்லை மதகுக்குப் போய் அக்காவைப் பார்க்க வேண்டும். யார் அக்கா, யார் தங்கச்சி? எங்களவள்தான் அக்கா என்று மேல் டிவிஷன் சொல்லும். கீழ் டிவிஷனும் அதையேதான் சொல்லும். தோட்டம் ஓடிய காலத்தில் இது பெரிதாகவில்லை. தொரை ஒரே ஒரு மேளத்துக்குத்தான் அனுமதி கொடுப்பார். அந்த மேளம் ஒரு வருஷம் மேலிருந்து கிளம்பும், மறு வருஷம் கீழிருந்து கிளம்பும். மேளம் கிளம்புகிற பக்கத்து அம்மனும் கூடக் கிளம்பிவிடுவாள். தோட்டம் மூடியதும் ஆளுக்கொரு மேளம் வந்தது.

அந்த வருஷம் இரண்டு ரதமும் மதகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து நின்றன. தங்கச்சி முதலில் வரட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்கள். அவர்களும் அதற்காகவே காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. பூ வாடியது. மேளக்காரர்கள் அலுத்துப்போய் மதகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு ரதமும் வந்த வழியே திரும்பின. யாரும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை, கல்லெறியவில்லை. நடந்ததெல்லாம் காத்திருப்பு. ஆனால் எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு பெண் கொடுப்பது நின்றது, எடுப்பது நின்றது. சாவுக்கு வந்தால்கூட வாசலோடு போய்விடுவார்கள். என் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று வகுப்பில் எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு வீடமைப்பு கம்பெனி தோட்டத்தின் மிச்ச நிலத்தை வாங்கியது. இரண்டு கோயிலும் அந்த நிலத்துக்குள்ளே இருந்தன. தாமான் ஓரத்தில் ஒரு மனை தருகிறோம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கோயிலாகக் கட்டிக்கொள்ளுங்கள், சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டால் மனை உண்டு, தனித்தனியாக வந்தால் இல்லை என்றது கம்பெனி. மேல் கோயிலின் தலைவர் என் அண்ணன். கீழ் கோயிலின் தலைவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது ஒரே கடையில் ரொட்டி சானாய் சாப்பிட நேர்ந்தால் முதுகைக் காட்டி உட்காருவார்கள்.

அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக என் படிப்பைப் பற்றி அவர் பேசினால் அதில் கிண்டல்தான் இருக்கும். அன்றைக்கு இல்லை.

"நீதான் நாட்டுக்கு நாடு அடிச்சிக்கிறதப் பத்தி பாடம் எடுக்கிறியே. நம்ம ஊரு சண்டைய ஒரு தடவ வந்து தீத்து வையேன்லா."

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை. வருகிறேன் என்றேன்.

இப்போது ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தில் உண்மையில் இழப்பதற்கு ஏதாவது இருந்தவர்கள் அவர்கள் மட்டுமே. கீழ் கோயிலுக்குப் பின்னால், மடப்பள்ளியை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் இலங்கையிலிருந்து வந்த ஒருவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அவர் முல்லைத்தீவுப் பக்கம் மீன் பிடித்தவர். சண்டையில் வீடு போய், வள்ளம் போய், முகாமுக்குப் போய், அதற்கப்புறமும் நிம்மதி இல்லாமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். கையில் ஓர் அகதி அட்டை. வேறு நாடு ஏதாவது கூப்பிடும் என்ற நம்பிக்கையில் நாலைந்து வருஷமாகக் காத்திருந்தார்கள். அந்த அட்டைக்கு இந்த நாட்டில் இவ்வளவுதான் மதிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு போலிஸ்காரர் பார்த்துவிட்டு, சரி போ என்பார். இன்னொருவர் வண்டியில் ஏறு என்பார். அகதி என்ற சொல்லே நம் சட்டத்தில் கிடையாது. அதனால் யாரும் வீடு வாடகைக்குக் கொடுக்கப் பயப்படுவார்கள். கோயில் அறைதான் அவர்களுக்குப் பத்திரமான இடம். அவர் கோயிலைக் கூட்டிப் பெருக்கி, பொங்கலும் சுண்டலும் செய்துகொடுப்பார். அவள் தையல் மெஷினில் ரவிக்கை தைப்பாள்.

எனக்கு அவள் பழக்கமானது ரவிக்கையால்தான். ஈப்போவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் ஒன்று கை இறுக்கும் அல்லது கழுத்து இறங்கிவிடும். இவள் தைத்தால் பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருக்கும். மேல் டிவிஷன்காரி கீழ் கோயிலுக்குப் போகிறாள் என்று அண்ணி முணுமுணுத்தாள். போகட்டும் என்று விட்டேன். அளவெடுக்கும்போது அவள் பேசுவாள். புதுக் கோயில் பிளானில் மடப்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை போட்டிருக்கிறார்களாம், அது உங்களுக்குத்தான் என்று கீழ் கோயில் தலைவர் வாயாரச் சொல்லிவிட்டாராம். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதாம். மெஷினை ஜன்னல் ஓரத்தில் போட்டால் பகலில் விளக்குப் போட வேண்டாம் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அவளுடைய உலகத்தில் அது பெரிய செய்தி.

இரண்டு கோயிலும் சேராவிட்டால் மனை இல்லை, மனை இல்லாவிட்டால் அறை இல்லை. அதனால் நான் இந்தச் சமாதானத்தை அவளுக்காகவும் விரும்பினேன்.

முதல் சந்திப்பை லகாட்டில் ஒரு சீனர் கோப்பிக்கடையில் வைத்தோம். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்றுதான். அண்ணன் ஒரு மூலை, பஸ்காரர் ஒரு மூலை, நடுவில் நான். ஆளுக்கு இரண்டு கமிட்டி ஆட்கள் கூட வந்திருந்தார்கள். அவர்கள் தலையாட்டத்தான் வந்திருந்தார்கள். நான் கேட்டேன், இரண்டு அம்மனையும் ஒரே நேரத்தில் கிளப்பி, மதகின் நடுவில் இருவரும் ஒரே நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டால் என்ன? அப்போது யாரும் முதலில் வந்தவராக மாட்டார்.

"அப்ப யாருதான் அக்கா?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரும் ரெட்டப் பிள்ளைங்கன்னு வச்சிக்குங்க அண்ணே."

பஸ்காரர் கோப்பியை வைத்துவிட்டு, "ரெட்டப் பிள்ளையிலயும் ஒருத்தி முன்னாடி வந்துருப்பாதான்லா டீச்சர்" என்றார்.

அவ்வளவுதான். யார் முன்னால் பிறந்தது என்று ஆரம்பித்தவர்கள், எந்தக் கோயிலுக்கு முதலில் கல் வைத்தது, யார் பாட்டன் முதலில் காட்டை அழித்தது என்று போய், பள்ளிக்கூடத்தில் யார் யாருடைய பென்சிலை எடுத்தது வரை போனார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது சந்திப்பு அதே கடையில். நேரடியாக விஷயத்துக்கு வரலாம் என்று நான் புதுக் கோயில் பிளானை மேசையில் விரித்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மடப்பள்ளிப் பக்கம் விரல் நின்றது.

"இந்த ரூம்பு யாருக்கு?"

"கோயில்ல வேல செய்ற சிலோன்காரருக்கு" என்றார் பஸ்காரர்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "ஓ. கிராணி வம்சத்த உள்ள வச்சி அழகு பாக்கப் போறீங்களா?"

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க விட்டான். எழுத்து வேலைக்கு இங்கிலிஷ் தெரிந்தவர்கள் வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஆள் எடுத்தான். அவர்கள்தான் கிராணிமார். தொரை பங்களாவில் இருப்பார். எங்களுக்குத் தெரிந்த அதிகாரம் கிராணிதான். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒரு நொடி தாமதமானாலும் அன்றைய வேலை போச்சு. கிராணி வீட்டு முன்னால் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எல்லாக் கிராணியும் அப்படி இல்லை. ஆனால் அப்படி இருந்தவர்களைத்தான் எங்கள் ஜனம் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த வடு இன்னும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் அப்பாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்தான்.

ஆனால் அதை எங்கே கொண்டுவந்து இறக்கினார்கள் பாருங்கள். வலையும் வள்ளமும் போய், கோயில் தரையைக் கூட்டிப் பிழைக்கிற ஒரு மனுஷன் தலையில்.

பஸ்காரர் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. "பாவம்லா, நல்ல மனுசன்" என்றார். பிறகு கோப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஏதோ இளகியது. அது இரக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"எங்கப்பாவ ஒரு கிராணி, சட்ட போட்டுக்கிட்டு பெரட்டுக்கு வந்தான்னு, எல்லார் முன்னாடியும் கழட்டச் சொன்னான்" என்றார். "புதுச் சட்ட. தீவாளிக்கு எடுத்தது."

அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் போனார். "எங்கப்பா சைக்கிள்ல போனாருன்னு டயரு காத்த எறக்கி விட்டான்லா அந்தக் குட்டைக் கிராணி. ஒனக்கு ஞாபகம் இருக்கா, கண்ணாடி போட்டிருப்பான்?"

"ஏன் இல்லாம? அவன் வீட்டு ரம்புத்தான் மரத்துல நீயும் நானும்தானே ஏறுனோம்."

"நாய அவுத்து விட்டான்."

"நீ டவுசரக் கிழிச்சிக்கிட்டு ஓடுன!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தலையாட்ட வந்தவர்களும் ஆளுக்கொரு கிராணிக் கதையை எடுத்துவிட்டார்கள். இன்னொரு சுற்று கோப்பி வந்தது. காயா ஜாம் தடவிய ரொட்டி வந்தது. அண்ணன் பஸ்காரரை மச்சான் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பஸ்காரர் ரொட்டியை அண்ணன் பக்கம் தள்ளினார். என் பாடத்தில் சொல்லியிருக்கிற அத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. இரண்டு எதிரிகள் பேசிப் பேசியே ஒரு ஜனமானார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆள், அந்த மேசையில் இல்லாத ஓர் ஆள்.

ரெட்டைப் பிள்ளை யோசனையைக் கூட அப்போது ஒரு மூச்சில் ஒத்துக்கொண்டார்கள். யார் அக்கா என்று யாருமே கேட்கவில்லை. அந்த அறையை ஸ்டோராக மாற்றுவது, கிராணி ஆளை அனுப்பிவிடுவது, இது இரண்டு கமிட்டியும் சேர்ந்து எடுத்த முதல் தீர்மானம்.

நான் கத்தினேன். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"அவரு கிராணி இல்லண்ணே! மீன் பிடிக்கிறவரு. அவரு குடும்பத்துல யாரும் இந்த ஊருப் பக்கமே வந்ததில்ல."

"எல்லாம் ஒரே ஊருதானே" என்றார் அண்ணன்.

"அப்படின்னா போன திருவிழாவுக்குத் தலைமை தாங்குனாரே டாக்டரு, அவரு தாத்தா நெசமாவே கிராணி. அவருக்கு ஆள் ஒசரத்துக்கு மால போட்டீங்க. போட்டோவுல பக்கத்துல நிக்க இடிச்சிக்கிட்டீங்க."

"அவரு லோக்கல்லா. நம்ம மலேசியாக்காரரு."

"இவரு தமிழு பேசல? மாரியாத்தாளக் கும்புடல?"

"பாஸ்போட்டு எங்க? விசா எங்க? நாளைக்கு இமிகிரேசன் வந்து கோயில்ல கை வச்சா யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?"

"நம்ம பாட்டன் கப்பல்ல வந்தப்ப விசா வச்சிருந்தாரா?"

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "நீதானேம்மா சொன்ன, பகைங்கிறது நாமளே செஞ்சது, நாமளே கலைக்கலாம்னு. கலைச்சிட்டோம்லா. சந்தோசப்படாம இப்படிக் குதிக்கிறியே."

"ஒண்ணக் கலைச்சிட்டு இன்னொண்ணக் கட்டிட்டீங்க."

"வெளியாளு ஒருத்தனுக்காக நாங்க காலம் பூரா அடிச்சிக்கணுமா?" என்றார் பஸ்காரர். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அறை உங்களுக்குத்தான் என்று வாயாரச் சொன்ன அதே வாய்.

எனக்கு அவர்கள் மேல் மட்டும் கோபமில்லை. இவர்கள் யாரிடம் இதைப் படித்தார்கள்? நாடே இப்படித்தான் நடந்துகொள்கிறது. தூரத்தில் அடிபடுகிற மக்களுக்காக நாம் மேடை போட்டு முழங்குகிறோம், கொடி பிடிக்கிறோம், நாங்கள் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சொல்வதில் நாம் யார் என்று நமக்கே ஒரு பெருமை கிடைக்கிறது. அதே பாதிக்கப்பட்டவன் நம் வாசலில் வந்து நின்றால் விசா முடிந்தவன், சட்டவிரோதி. வெளியுறவுக் கொள்கை என்று புத்தகத்தில் கனமாக எழுதுகிறார்களே, அதில் பாதி வெளியே பார்த்துச் செய்வதே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொள்வதுதான். பெரிய அரசாங்கம் பெரிய கண்ணாடியில் பார்க்கிறது, எங்கள் கோயில் கமிட்டி சின்னக் கண்ணாடியில் பார்த்தது.

மறுநாள் நான் கீழ் கோயிலுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வீண். பஸ்காரர் காலையிலேயே வந்து, கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது இருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் மெஷினில் உட்கார்ந்து யாருடையதோ ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கோ அக்கா" என்றாள். "எங்களுக்குத் தெரியும். இங்க வந்த நாளில இருந்து ஒரு பையைக் கட்டினபடியேதான் வச்சிருக்கிறம்."

நான் உட்கார்ந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, கிராணி எண்டா என்ன? இவரை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். கெட்ட வார்த்தையோ?"

அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்து தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தவர்களை அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இவருக்குத் தன்ர பேரை எழுதவே கை நடுங்கும் அக்கா. தெரியாமச் சொல்லினம் போல. நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொன்னா என்ன?"

எடுத்துச் சொன்னேன் என்பதையும், அவர்கள் தெரியாமல் சொல்லவில்லை என்பதையும் நான் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் ரவிக்கையை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

சிலிபினில் என் வீட்டில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். வீடு வாடகை வீடு, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் பயம். சிம்பாங் பூலாயில் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன், அட்டையைப் பார்க்கணும் என்றார், பார்த்துவிட்டு முடியாது என்றார். கிள்ளானில் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் நாலு குடும்பத்தோடு ஒரு பிளாட்டில் இருந்தார். ஒரு மூலை இருக்கிறது, வாங்கோ என்றார் அவர்.

ஆடித் திருவிழாவுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று முதலில் பேச்சு. பிறகு அன்னதானத்துக்குச் சமைக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், திருவிழாச் சமையலை முடித்துவிட்டுப் போகலாமே என்று கமிட்டி பெரிய மனசு பண்ணியது. அவரும் சரி என்றார். இரண்டு டிவிஷனுக்கும் சேர்த்து அவர்தான் அன்றைக்குப் புளியோதரையும் பொங்கலும் கிளறினார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். அம்மனுக்குத்தானே என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்று மதகுக்கு அருகே ஜனம் திமிறியது. சமாதானம் செய்து வைத்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அவரே போர்த்திக்கொள்ளட்டும் என்று பதில் அனுப்பினேன். நான் கீழ் கோயிலின் பின்பக்கம் என் சின்னக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். மெஷினின் காலும் மூட்டைகளும் டிக்கியில் ஏறின. அந்தக் கட்டின பையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவர்களைக் கிள்ளான் பஸ் ஏற்றிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

தாமான் சந்தியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். ரதங்கள் சந்திக்கப் போகிற நேரம், பாதையை அடைத்திருந்தார்கள். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. இரண்டு அம்மனும் ஒரே நேரத்தில் நகர்ந்து வந்தார்கள். அண்ணனும் பஸ்காரரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. கிழவிகள் குலவை போட்டார்கள். வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, கை கூப்பி நின்றார். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் கூடையோடு வந்தார். மேல் டிவிஷன் ஆள், கீழ் கோயில் பக்கம் கால் வைத்தே இராதவர். இவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காருக்குள்ளிருந்து அவள் தன் கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

"சாமி கும்புட்டாச்சா அண்ணே? இந்தாங்க, அன்னதானம். நீங்க எந்தப் பக்கம்?"

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தை நீட்டிப் பேசினாலும் முல்லைத்தீவு தெரிந்துவிடும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீழ டிவிஷன்தான்லா, தம்பி" என்றார்.

சுத்தமாக இருந்தது. பேச்சின் முடிவில் நாங்கள் ஒட்டிக்கொள்கிற அந்த லாவை எங்கள் ஆள் ஒருவன்கூட அவ்வளவு சரியான இடத்தில் வைக்க மாட்டான்.

தொண்டர் முகம் மலர்ந்து, அவர் தோளில் கை போட்டார். "இன்னைக்கு மேலயும் இல்ல கீழயும் இல்லலா, அண்ணே. எல்லாம் நம்ம ஆளுங்கதான்." கூடையிலிருந்து இன்னும் இரண்டு பொட்டலம் எடுத்து, வீட்டுக்குக் கொண்டு போங்க என்று அவர் கையில் திணித்தார்.

தான் சமைத்த சோற்றையே கையில் வாங்கிக்கொண்டு அவர் காருக்குள் வந்து உட்கார்ந்தார். பாதையைத் திறந்துவிட்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி அந்தத் தொண்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து, "ஒண்டும் சொல்லாதையுங்கோ அக்கா, எடுங்கோ, போவம்" என்றாள். நான் காரை எடுத்தேன். அவர் யார் என்று சொல்லியிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.